வெளிய போன ஸ்ட்ரக்ட் திரும்ப உள்ள வராது

ஊட்டியில காலேஜ் படிக்கிற ஒரு தம்பி கேட்டிருந்தார். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு மழை அளக்குற லாகர் போர்டு செய்யுறாங்களாம், அதுல ஓட சின்னதா ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டமும் அவங்களே எழுதுறாங்களாம். ஆப்புக்கு ரீடிங் குடுக்குற ஸ்ட்ரக்ட்ல (பல தகவல மெமரியில வரிசையா அடுக்கி வைக்கிற ஒரு கட்டு, ஒவ்வொண்ணும் ஒரு ஃபீல்டு) மழைக்கு 8 பிட், டைமுக்கு 32 பிட், ஸ்டேஷன் பேருக்கு 16 பைட்னு போட்டிருக்காங்க. கைடு பாத்துட்டு "இத நல்லா யோசிச்சு போடுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு போயிட்டாராம். "மெமரியே கம்மிங்கண்ணா, இப்போதைக்கு இது போதும், பத்தலன்னா அடுத்த வெர்ஷன்ல மாத்திக்கலாம்ல, இதுல அப்படி என்ன யோசிக்கிறது"ன்னு கேக்குறார். நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாத்தான் பதில் சொல்லணும்.

மழையில இருந்தே ஆரம்பிக்கிறேன் தம்பி. 8 பிட்ல அதிகபட்சம் 255 தான் நிக்கும், நீங்க ஒரு நாள் மொத்தத்த மில்லிமீட்டர்ல வைக்கிறீங்க. 2019 ஆகஸ்ட் 8-ந் தேதி அவலாஞ்சியில 24 மணி நேரத்து மழை 82 சென்டிமீட்டர்னு பதிவாச்சே ஞாபகம் இருக்கா, அப்ப நீங்க ஸ்கூல்ல இருந்திருப்பீங்க, கூடலூர் பக்கமெல்லாம் வெள்ளம், மண்சரிவு. அந்த 820 மில்லிமீட்டர உங்க 8 பிட்ல போட்டா 256 256-ஆ கழிஞ்சு போய் மிச்சம் 52 நிக்கும். எரர் வராது, லைட்டு எரியாது, 52-ன்னு அழகா பதிஞ்சு வெச்சிருக்கும், அத பாக்குறவங்க சுமாரான மழைன்னு நெனச்சு தூங்க போயிடுவாங்க. ஒரு ஃபீல்டு சின்னதா போச்சுன்னா என்ன ஆகும்ங்கறதுக்கு நம்ம மாவட்டத்துலயே இத விட பெரிய உதாரணம் எனக்கு தெரியல.

ஆனா இது கூட சரி பண்ணிக்கலாம், 8-அ 16 ஆக்கிட்டா முடிஞ்சுது. எதுவரைக்கும்னா, உங்க ஹெடர் ஃபைல் (ஸ்ட்ரக்ட்டோட அமைப்ப எழுதி மத்தவங்களுக்கு குடுக்குற ஃபைல்) உங்க லேப்டாப்ப விட்டு வெளிய போகாத வரைக்கும். வேற ஒருத்தர் அத வெச்சு ஒரு ஆப் கம்பைல் பண்ணி, அதாவது மெஷின் மொழிக்கு மாத்தி, எங்கயோ ஒரு தோட்டத்து போர்டுல போட்டுட்டார்னா அதுக்கப்புறம் அந்த ஸ்ட்ரக்ட் உங்களுது இல்ல.

ஏன்னு கேட்டீங்கன்னா, நாம சோர்ஸ்ல ஃபீல்டு பேர எழுதுறோம், கம்பைல் ஆனதும் அந்த பேரு இருக்காது, வெறும் இடம் தான் இருக்கும். லினக்ஸ்ல ஒரு ஃபைல பத்தி விவரம் கேக்குற ஸ்டாட் கால (கால்னா புரோகிராம் ஆப்பரேட்டிங் சிஸ்டத்த கூப்பிட்டு ஒரு வேலைய கேக்குறது) எடுத்துக்கங்க, 64 பிட் இன்டெல் மெஷின்ல அது குடுக்குற ஸ்ட்ரக்ட் 144 பைட், அதுல ஃபைலோட சைஸ் 48-வது பைட்ல ஆரம்பிக்கும். இந்த 48-ங்கற நம்பர் கர்னல்ல (ஆப்பரேட்டிங் சிஸ்டத்தோட மையப் பகுதி) மட்டும் இல்ல, இந்த கால கூப்பிடுற மாதிரி கம்பைல் ஆகியிருக்க அத்தனை புரோகிராம் வயித்துக்குள்ளயும் இருக்கு. நீங்க கர்னல்ல நடுவுல ஒரு ஃபீல்ட நாலு பைட் பெருசாக்குனா சைஸ் வேற இடத்துக்கு தள்ளிப் போயிடும், பழைய புரோகிராம் பாவம் அதே 48-ல போய் எதையோ படிச்சு அதத்தான் சைஸ்னு நம்பும். கடைசியில சேத்துக்கலாமேன்னா அதுவும் முடியாது, ஏன்னா அந்த புரோகிராம் 144 பைட்டுக்குத்தான் இடம் ஒதுக்கி வெச்சிருக்கு, கர்னல் 152 பைட் எழுதுச்சுன்னா பக்கத்துல இருக்க வேற எதையோ அழிச்சுடும்.

நம்ம மலை ரயில நெனச்சு பாருங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூருக்கு 1899-ல ஓட ஆரம்பிச்சுது, 1908-ல ஊட்டி வரைக்கும் வந்துச்சு, தண்டவாள அகலம் 1000 மில்லிமீட்டர், மீட்டர் கேஜ். கீழ சமவெளியில எல்லாம் 1676-க்கு மாறியாச்சு, ஆனா இங்க ஒவ்வொரு குகையும் பாலமும் வளைவும் கல்லார்ல ஆரம்பிக்கிற பல் தண்டவாளமும் எல்லாமே அந்த 1000-த்த நம்பி கட்டுனது. அதனால இன்னிக்கும் சென்னையில இருந்து நீலகிரி எக்ஸ்பிரஸ்ல வர்றவங்க மேட்டுப்பாளையத்துல பெட்டி படுக்கையோட இறங்கி வேற வண்டி ஏறுறாங்க. இன்டர்ஃபேஸ்ல, அதாவது சிஸ்டமும் ஆப்பும் பேசிக்கிற இடத்துல, ஒரு ஸ்ட்ரக்ட் இப்படித்தான், அதோட அகலம் அதுல மட்டும் இல்ல, அத நம்பி கட்டுன எல்லாத்துலயும் இருக்கு.

இதுல நான் நேர்ல அனுபவிச்ச ஒண்ணு சொல்றேன். கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரிக்கு சர்வர் பாத்துக்கிட்டிருந்தேன், சுத்துவட்டார ஊர்கள்ல பச்சை இலை வாங்குற இடங்கள்ல இருக்க எடை மெஷின் எல்லாம் சிம் கார்டு வழியா அந்த சர்வருக்கு கனெக்ட் ஆகி எடைய அனுப்பும். அம்பது அறுபது மெஷின் தான். நம்ம பக்கம் ஐப்பசி கார்த்திகை மழையில சிக்னல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், மெஷின் கனெக்ஷன் விட்டுட்டு திரும்ப புதுசா கனெக்ட் ஆகும், ஆனா பழைய கனெக்ஷன் செத்துப் போச்சுன்னு சர்வருக்கு யாரும் சொல்லல, அது அப்படியே தொறந்தே வெச்சிருக்கும். நாலு நாள் மழையில 'டூ மெனி ஓப்பன் ஃபைல்ஸ்'னு எரர் வந்துச்சு, கனெக்ஷனையும் சிஸ்டம் தொறந்த ஃபைலாத்தான் எண்ணும். எனக்கு முன்னாடி அங்க இருந்தவர் இதே எரருக்கு ஒரு புரோகிராம் தொறக்கக்கூடிய ஃபைல் லிமிட்ட 1024-ல இருந்து 8192 ஆக்குன்னு ஒரு நோட்டுல எழுதி வெச்சிருந்தார், நானும் அதையே பண்ணேன். எரர் போச்சு. அடுத்த நாள்ல இருந்து கணக்கு தப்பா வர ஆரம்பிச்சுது, ஒரு விவசாயியோட இலை எடை இன்னொருத்தர் பேர்ல ஏறுச்சு, அப்புறம் சர்வர் நேரங்கெட்ட நேரத்துல விழுந்துச்சு. மூணு ராத்திரி தேடுனேன்.

விஷயம் என்னன்னா அந்த சர்வர் புரோகிராம் செலக்ட்ங்கற பழைய கால் வெச்சு எழுதுனது. எந்தெந்த சாக்கெட்ல (சிஸ்டம் ஒரு நம்பர் குடுத்து வெச்சிருக்க கனெக்ஷன்) டேட்டா வந்திருக்குன்னு கேக்குற கால் அது, 1983-ல லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸோட 4.2 பிஎஸ்டிங்கற வெர்ஷன்ல வந்தது. அதுக்கு நாம ஒரு பிட் வரிசை குடுக்கணும், 5-ம் நம்பர் சாக்கெட்டுன்னா 5-வது பிட்ட ஆன் பண்ணணும். லினக்ஸ்ல அந்த வரிசை ஹெடர்லயே 1024 பிட்னு வெட்டி வெச்சது, உங்க புரோகிராமோட மெமரியிலயே 128 பைட்டா உக்காந்திருக்கும். 1024 இல்ல அதுக்கு மேல நம்பர் உள்ள சாக்கெட் வந்துச்சுன்னா பிட்ட ஆன் பண்ற மேக்ரோ (ஹெடர்ல இருக்க குட்டி கோடு) எதையும் கேக்காம 128 பைட்டுக்கு வெளிய போய் பிட்ட மாத்திட்டு வரும். அங்க என்ன வேரியபிள் இருந்துச்சோ அதோட கதி அவ்வளவுதான், எங்க கேஸ்ல எடை போடுற விவசாயியோட ஐடி இருந்துச்சு. லிமிட் 1024-ஆ இருந்தப்ப இந்த வேலி தாண்டவே முடியாது, நான் தான் வேலிய எடுத்துவிட்டேன்.

செத்த கனெக்ஷன மூடுற மாதிரி பண்ணி, செலக்ட்ட எடுத்துட்டு, அதே வேலைய இந்த பிட் வரிசை இல்லாம பண்ற ஈபோல்ங்கற கால்ல மாத்தி எழுதுனேன், சரியாச்சு. ஆனா எனக்கு இதுல ரொம்ப மனசுல தங்குனது வேற ஒண்ணு. இன்னிக்கு நீங்க புது லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணி பாருங்க, கிகாபைட் கணக்குல மெமரி இருக்கும், ஆனா ஒரு புரோகிராம் தொறக்கக்கூடிய ஃபைலோட சாஃப்ட் லிமிட் (இப்போதைக்கு அமல்ல இருக்க எல்லை) இன்னமும் 1024 தான் இருக்கும். லினக்ஸ்ல சர்வீஸ்கள ஆரம்பிச்சு வைக்கிற சிஸ்டம்டியோட 240-வது வெர்ஷன்ல ஹார்டு லிமிட்ட (புரோகிராம் கேட்டா ஏத்திக்கக்கூடிய உச்ச எல்லை) 5 லட்சத்துக்கு மேல ஏத்துனாங்க, சாஃப்ட் லிமிட்ட மட்டும் தொடல, வேணும்னே தொடல, ஏன்னா எங்கயோ ஒரு பழைய புரோகிராம் செலக்ட் கூப்பிடும், அது எங்க ஃபேக்டரி சர்வர் மாதிரி அமைதியா மெமரிய கெடுக்கும். ஒரு பிட் வரிசைய இவ்வளவு நீளம்னு ஹெடர்ல வெட்டி வெச்சது இன்னிக்கும் எல்லா மெஷினோட டிஃபால்ட்டையும் தீர்மானிக்குது.

விண்டோஸ்லயும் அதே பேர்ல செலக்ட் இருக்கு, டிஃபால்ட் 64 தான், லினக்ஸ விட மோசம்னு தோணும். ஆனா அங்க உள்ள இருக்கறது பிட் வரிசை இல்ல, முதல்ல எத்தனைன்னு ஒரு எண்ணிக்கை, அப்புறம் அத்தனை சாக்கெட்டோட லிஸ்ட். எண்ணிக்கை உள்ளயே இருக்கறதால ஹெடர சேக்குறதுக்கு முன்னாடி அந்த 64-அ 2000-ன்னு நாமளே மாத்திக்கலாம், சிஸ்டம் அத ஒழுங்கா படிச்சுக்கும். "நான் எவ்ளோ பெருசு"ன்னு ஸ்ட்ரக்ட்டே சொல்லுதா இல்லையாங்கறது எவ்ளோ பெரிய வித்தியாசம் பாருங்க, இத ஞாபகம் வெச்சுக்கங்க, கடைசியில திரும்ப வர்றேன்.

இப்ப உங்க 32 பிட் டைம். நம்ம ஊர்ல கரண்டு போய் போய் வந்து, போர்டுல இருக்க கடிகார பேட்டரியும் தீந்து போச்சுன்னா லாகர் 1970 ஜனவரி 1 காலை 5.30-ன்னு காட்டும், பாத்திருப்பீங்க. யூனிக்ஸ் டைம்ங்கறது உலக நேரத்துல (கிரீன்விச் கணக்கு) 1970 ஜனவரி 1 ராத்திரி 12-ல இருந்து ஓடுன செகண்டு எண்ணிக்கை, பூஜ்யத்துக்கு போச்சுன்னா நமக்கு அது விடியக்காலம் அஞ்சரை. அத சைன்டு (மைனஸ் எண்ணும் வைக்கக்கூடிய) 32 பிட்ல வெச்சதால 2038 ஜனவரி 19 செவ்வாய்க்கிழமை நம்ம நேரம் காலை 8 மணி 44 நிமிஷம் 7 செகண்டோட அது நெறஞ்சு போயிடும், அடுத்த செகண்டு 1901 டிசம்பருக்கு குதிக்கும்.

நெறைய பேர் அந்த காலத்துல யாருக்கும் இது தெரியாதுன்னு நெனக்கிறாங்க, அப்படி இல்ல. 1971-ல வந்த முதல் யூனிக்ஸ் மேனுவல்ல டைம் செகண்டுல இல்ல, செகண்டுல 60-ல ஒரு பங்குல எண்ணுனாங்க. அப்படி எண்ணுனா 32 பிட் 828 நாள்ல தீந்துடும், ரெண்டேகால் வருஷம் தான், அந்த மேனுவல்லயே இது ஒரு குறைன்னு எழுதி வெச்சிருந்தாங்க. அப்ப யூனிக்ஸ் ஓடுன மெஷின விரல் விட்டு எண்ணிடலாம், அதனால மாத்துனாங்க, செகண்டு கணக்குக்கு வந்தாங்க, 1970-ல நின்னுச்சு. அதே மாத்தத்த 2010-கள்ல பண்ண எவ்ளோ பாடுன்னு பாருங்க. 32 பிட் மெஷினுக்கு லினக்ஸ் 2019-ல 5.1 வெர்ஷன்ல புது 64 பிட் டைம் கால்களெல்லாம் தனியா சேத்துச்சு, பழசும் அப்படியே இருக்கு. 2020-ல 5.6 வந்தப்பதான் கர்னல் பக்கம் ஏறக்குறைய முடிஞ்சுது. 2021-ல புரோகிராம்களுக்கும் கர்னலுக்கும் நடுவுல இருக்க சி லைப்ரரியில வந்துச்சு, அதுவும் கம்பைல் பண்றப்ப கேட்டாத்தான். டெபியன்ங்கற லினக்ஸ செய்யறவங்க 2024-ல நூத்துக்கணக்கான லைப்ரரியோட பேருக்கு பின்னால டி64-ன்னு ஒட்டி எல்லாத்தையும் திரும்ப கம்பைல் பண்ணாங்க, ஏன்னா டைம் ஃபீல்டு பெருசானா அது இருக்க ஒவ்வொரு ஸ்ட்ரக்ட்டோட அளவும் மாறும், பழைய லைப்ரரியும் புது புரோகிராமும் ஒண்ணோட ஒண்ணு பேச முடியாது. பழைய 32 பிட் இன்டெல்ல மட்டும் மாத்தவே இல்ல, அங்க பழைய பைனரிய ஓட்டத்தான் ஆள் இருக்காங்கன்னு விட்டுட்டாங்க. நாலு பைட் தம்பி, வெறும் நாலு பைட்டுக்கு.

மலையில மாட்டுற லாகர் ஒரு தடவ மாட்டுனா பன்னெண்டு பதினஞ்சு வருஷம் அங்கயே இருக்கும், நீங்க இப்ப மாட்டுறது 2038-ல ஓடிக்கிட்டு இருக்க நல்லாவே வாய்ப்பிருக்கு.

எஸ்டி கார்டுல எழுதுறீங்கன்னா அங்க ஃபேட் ஃபைல்சிஸ்டத்தோட கணக்கு வேற, அது 1980-ல ஆரம்பிக்கும், மாத்துன நேரத்த ரெண்டு செகண்டுக்கு ஒரு தடவ தான் எண்ணும், ஒரு ஃபைல் 4 ஜிபி-ய தொட முடியாது, இதெல்லாம் விண்டோஸுக்கு முன்னாடி இருந்த டாஸ் சிஸ்டம் காலத்துல பிட்ட மிச்சம் பிடிச்சது.

அடுத்தது ஸ்டேஷன் பேரு, 16 பைட். இது எனக்கு மனசுக்கு ரொம்ப நெருக்கமான விஷயம், ஏன்னா இதுல அடி வாங்குறது நம்ம தமிழ் தான். எழுத்த பைட்டா மாத்தி வைக்கிற யுடிஎஃப்-8 முறையில தமிழ் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். 'நீலகிரி'ன்னு எழுத ந, ஈகாரக்குறி, ல, க, இகரக்குறி, ர, இகரக்குறின்னு 7 குறி, 21 பைட். உங்க 16 பைட்ல நம்ம மாவட்டத்து பேரே உள்ள போகாது, நடுவுல வெட்டுப்படும், அதுவும் ஒரு குறியோட மூணு பைட்ல முதல் பைட்டோட வெட்டி ஒரு கட்டம் போட்ட குப்பையா தெரியும். லினக்ஸ்ல ஃபைல் பேருக்கு 255 பைட் எல்லை, இங்கிலீஷ்காரங்களுக்கு 255 எழுத்து, நமக்கு 85 குறி, அதுலயும் புள்ளியும் கொம்பும் தனித்தனியா எண்ணிக்கை.

ஆனா யூனிக்ஸ் பக்கம் ஒரு நல்லது பண்ணாங்க. ஃபைல் பேருன்னா வெறும் பைட் வரிசை, சாய்வுக்கோடும் பூஜ்ய பைட்டும் மட்டும் கூடாது, மத்தபடி உள்ள என்ன இருந்தாலும் கர்னல் கண்டுக்காதுன்னு வெச்சுட்டாங்க. 1992-ல கென் தாம்சனும் ராப் பைக்கும் யுடிஎஃப்-8 வடிவமைச்சப்ப இந்த ரெண்டு பைட்டும் வேற எழுத்துக்குள்ள வராத மாதிரி பாத்துக்கிட்டாங்க, அதனால ஒரு சிஸ்டம் காலையும் மாத்தாம தமிழ் ஃபைல் பேரு உள்ள வந்துடுச்சு. விண்டோஸ் என்டி 1993-ல வந்தப்ப யூனிகோடுன்னா (எல்லா மொழி எழுத்துக்கும் நம்பர் குடுக்குற பொது ஏற்பாடு) 16 பிட் போதும்னு எல்லாரும் நம்புன காலம், அதனால ஒவ்வொரு ஸ்ட்ரக்ட்லயும் ஒரு எழுத்து 16 பிட்னு போட்டுட்டாங்க. 1996-லயே 16 பிட்டுக்கு வெளியயும் எழுத்து வைக்கிற ஏற்பாடு யூனிகோடுல வந்துடுச்சு. நம்ம பழைய கணக்குல இருக்க முந்திரி, காணி, மாகாணிக்கான பின்னக் குறிகளெல்லாம் 2019-ல யூனிகோடுல ஏறுச்சு, அதுக்கு குடுத்த இடம் 16 பிட்டுக்கு வெளிய. இன்னிக்கு விண்டோஸ்ல ஒரு மாகாணி குறி ரெண்டு எழுத்தா எண்ணப்படுது.

பைட்ட கண்டுக்காம விட்டதுக்கும் ஒரு விலை இருக்கு. 'கோத்தகிரி'யில இருக்க ஓகாரத்த ரெண்டு விதமா எழுதலாம், ஒரே குறியாவும் எழுதலாம், இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனி குறியாவும் எழுதலாம். கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. 'கொடைக்கானல்'ல இருக்க ஒகரமும் அப்படித்தான், நீலகிரிக்கும் பழனி மலைக்கும் ஒரே பிரச்சனை. பழைய மேக்ல இருந்த எச்எஃப்எஸ் ப்ளஸ் எல்லா பேரையும் பிரிச்சு தான் வைக்கும், லினக்ஸ் நீங்க குடுத்தத அப்படியே வைக்கும். எனக்கு தெரிஞ்ச ஒருத்தர் மேக்ல இருந்து லினக்ஸ் சர்வருக்கு பேக்கப் எடுத்தார், 'கோத்தகிரி'ன்னு ரெண்டு ஃபோல்டர் பக்கத்து பக்கத்துல நின்னுச்சு, ஒண்ணுல போன வருஷத்து போட்டோ, இன்னொண்ணுல இந்த வருஷத்து போட்டோ. ரெட்டைன்னு நெனச்சு ஒண்ண அழிச்சுட்டார்.

இப்ப எப்படி செஞ்சா நல்லாயிருக்கும்ங்கறதுக்கு வர்றேன். டாஸோட முதல் வெர்ஷன் 1981-ல வந்தப்ப ஃபைல தொறக்க ஃபைல் கன்ட்ரோல் பிளாக்குன்னு ஒரு ஸ்ட்ரக்ட், அதுக்கும் முந்தின சிபி/எம்ங்கற சிஸ்டத்துல இருந்து வந்த பழக்கம், அது புரோகிராமோட மெமரியிலயே இருக்கும். அதுல பேருக்கு 8 எழுத்து, எக்ஸ்டென்ஷனுக்கு 3, டிரைவுக்கு ஒரு பைட், ஃபோல்டர்னு எழுத இடமே இல்ல. 1983-ல டாஸ் 2.0-ல ஃபோல்டர் கொண்டுவந்தப்ப அந்த ஸ்ட்ரக்ட்ட நீட்ட முடியல, புரோகிராம்கள் எல்லாம் அத கையில வெச்சிருக்கு. அதனால யூனிக்ஸ் மாதிரி ஒரு நம்பர் குடுக்குற புது கால்களையே தனியா எழுத வேண்டியதாச்சு, பழைய பிளாக்கும் வருஷக்கணக்கா கூடவே வந்துச்சு.

யூனிக்ஸ்ல ஃபைல தொறந்தா கெடைக்கிறது ஒரு சின்ன முழு எண், 3, 4, 5-ன்னு. அதுக்கு பின்னால இருக்க ஸ்ட்ரக்ட்ட யாரும் பாத்ததில்ல, அதனால அது நூறு தடவ மாறியிருக்கு, யாருக்கும் தெரியாது. அதே நம்பர் பின்னாடி பைப்பு வந்துச்சு, சாக்கெட் வந்துச்சு, டைமர் வந்துச்சு, 2019-ல ஒரு ப்ராசஸையே நம்பரா பிடிச்சுக்குற வசதியும் வந்துச்சு. செலக்ட்ல மாட்டுனதுக்கு காரணம் இந்த நம்பர் இல்ல, அத பிட் வரிசையா வெளிய விரிச்சு வெச்சது.

சரி, ஸ்ட்ரக்ட் வெளிய குடுத்தே ஆகணும்னா? விண்டோஸ் செலக்ட்ல பாத்தோமே, "நான் எவ்ளோ பெருசு"ன்னு கூடவே சொல்லணும். லினக்ஸ்ல 5.6-ல வந்த ஓப்பன்ஏட்2ங்கற ஃபைல் தொறக்குற கால பாருங்க, ஸ்ட்ரக்ட்டோட சேத்து அதோட அளவையும் புரோகிராம் குடுக்கணும். பழைய புரோகிராம் சின்ன அளவு குடுத்தா மிச்ச ஃபீல்டெல்லாம் பூஜ்யம்னு கர்னல் எடுத்துக்கும். புது புரோகிராம் பழைய கர்னல்ல ஓடி பெரிய அளவு குடுத்தா கூடுதலா இருக்க பைட் எல்லாம் பூஜ்யமான்னு பாத்து, இல்லன்னா தெரியாதுன்னு எரர் குடுத்துடும். இந்த எரர் குடுக்குறது சின்ன விஷயமில்ல. பழைய ஓப்பன் கால் தனக்கு தெரியாத ஃப்ளாக் (ஒரு வசதி வேணும்னு சொல்ற பிட்) வந்தா சத்தமில்லாம தாண்டிப் போயிடும், அதனால 2013-ல பேரில்லாத தற்காலிக ஃபைலுக்கு ஒரு புது ஃப்ளாக் சேத்தப்ப, பழைய கர்னல்ல அது தப்பா ஓடிடக்கூடாதுன்னு டைரக்டரி ஃப்ளாக்கையும் அதுக்குள்ளயே கலந்து வெச்சு, பழைய கர்னல் வேற காரணத்துக்காக எரர் குடுக்குற மாதிரி சுத்தி வளைச்சு பண்ண வேண்டியிருந்துச்சு.

உங்க ஸ்ட்ரக்ட்டுக்கு நான் சொல்றது இது தான். முதல் ஃபீல்டு 32 பிட் அளவு. டைம் 64 பிட் சைன்டு, உலக நேரத்துல செகண்டு. மழை 32 பிட், மில்லிமீட்டர்ல பத்துல ஒரு பங்குன்னு யூனிட்டையும் ஹெடர்லயே எழுதி வெச்சுடுங்க. ஸ்டேஷனுக்கு பேரு வேண்டாம், 32 பிட் நம்பர் குடுங்க, பேரு கேக்க தனி கால் ஒண்ணு வைங்க, அது நீளத்தையும் சேத்து திருப்பிக் குடுக்கட்டும், அப்ப 'அவலாஞ்சி மேல்பவானி ரோடு 2'-ன்னு வெச்சாலும் வெட்டுப்படாது. ஃப்ளாக்குக்கு 32 பிட், இப்போதைக்கு எதுக்கும் இல்ல. ஸ்டேஷன் நம்பர அளவுக்கு அடுத்து, டைமுக்கு முன்னாடி வெச்சா மொத்தம் 24 பைட் வருது, உங்களுது இப்ப பேடிங் (கம்பைலர் நடுவுல விடுற காலி பைட்) சேத்து 24 தான் வரும், மெமரி ஒரு பைட் கூட கூடல. ஃப்ளாக்ல பூஜ்யம் தவிர வேற எது வந்தாலும் கர்னல் எரர் குடுக்குற அந்த ரெண்டு வரிய முதல் வெர்ஷன்லயே எழுதிடுங்க, ரிவியூக்கு போறதுக்கு முன்னாடி ஹெடர் ஃபைல அனுப்புங்க, நான் பாத்து சொல்றேன்.